அலமாரிக் கதவில் முப்பத்தேழு

கதவைக் கண்டுபிடித்தது ரோண்டல் ஸ்டேமி. காலையில் தொலைபேசியில் அழைத்தார். வெர்லன் முகம் மழித்துக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன்.

"ஆர்டிஸ், உன் வீட்டுக்காரன் உட்கார்ந்திருக்கானா?"

"நின்னுட்டிருக்கார். ஷேவ் பண்றார்."

"கத்தியைக் கீழ வைக்கச் சொல்லு. அப்புறம் உட்காரச் சொல்லு. முப்பத்தேழு கிடைச்சிருக்கு."

ரோண்டல் பொய் சொல்லக்கூடியவர். சந்தை மைதானத்துக் கொட்டகையில் மேசை போட்டுப் பழைய பந்தய அட்டைகள் விற்கிறார். விற்பதற்காகச் சொல்லும் பொய்யும் வேடிக்கைக்காகச் சொல்லும் பொய்யும் அவருக்கு ஒரே குரலில் வரும். ஆனால் முப்பத்தேழைப் பற்றி அவர் பொய் சொன்னதில்லை. அந்தக் கொட்டகையில் யாரும் சொன்னதில்லை.

எழுபத்தொன்றாம் ஆண்டு எங்கள் பக்கத்து ரொட்டிக் கம்பெனி ஒன்று ஒவ்வொரு ரொட்டிப் பாக்கெட்டுக்குள்ளும் ஓர் அட்டை வைத்தது. முன்பக்கம், வட கரோலினாவின் சிறு பந்தயத் தடங்களில் ஸ்டாக் கார் என்னும் பந்தயக் கார் ஓட்டும் ஒருவரின் வண்ணப்படம். பின்பக்கம், அவர் வீட்டுச் சமையற்குறிப்பு. முன்பக்கம் ஆண்களுக்கு, பின்பக்கம் ரொட்டி வாங்குகிற பெண்களுக்கு. மொத்தம் நாற்பது அட்டைகள். முப்பத்தேழாவது கோய் டீக், வெர்லனின் தம்பி. பத்தொன்பது வயது.

அட்டை கடைக்கு வந்த சில நாட்களிலேயே கோய் ஒரு பந்தயத்தில் மூன்றாவது வளைவில் சுவரில் மோதினான். கார் தீப்பிடித்தது. செத்தவன் படத்தை ரொட்டிக்குள் வைத்து விற்க முடியாது என்று கம்பெனி அந்த அட்டையை நிறுத்தியது. கடைகளில் இருந்த ரொட்டியையும் திரும்ப எடுத்துக்கொண்டது. மற்ற முப்பத்தொன்பதும் அதன் பிறகு பலமுறை அச்சாயின.

வெர்லன் அப்போது வியட்நாமில் இருந்தார். அவர் திரும்பி வந்தபோது புதைத்த இடத்தில் புல் முளைத்திருந்தது. அவருடைய அம்மா பின்முற்றத்தில் குப்பை எரிக்கும் பீப்பாயில் கோயின் படங்களையெல்லாம் போட்டுக் கொளுத்தியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் வரிசையாக நிற்க வைத்து எடுத்ததைக்கூட விடவில்லை. நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைத் தேடினோம். ஹெல்மெட் இருந்தது. புகை இருந்தது.

எங்களுக்குக் கல்யாணமான வருடம் வெர்லன் என்னிடம் சொன்னார். "குரல் ஞாபகம் இருக்கு. நடை ஞாபகம் இருக்கு. முகம் போயிடுச்சு, ஆர்டிஸ். இருக்கும்னு நினைச்சுத் தேடினா கண்ணாடில நான் தெரியறேன்."

நான் கோயைப் பார்த்ததில்லை. அந்த அட்டையைப் பார்த்தவர்கள் ஊரில் சிலர் இருந்தார்கள். சிரித்துக்கொண்டிருப்பான் என்றார்கள். தொப்பியைப் பின்னுக்குத் தள்ளியிருப்பான் என்றார்கள். அவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

அந்த ஒன்றைத் தேடப்போய் வெர்லன் மற்றவற்றைச் சேர்த்தார். எங்கள் வீட்டில் முப்பத்தொன்பதும் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. கொட்டகையில் அவரை எல்லோருக்கும் தெரியும், முக்கியமாக அவர் மூக்கை. முதல் அச்சில் மை வாசனை ரொட்டியில் ஏறிவிட்டது. ரொட்டியில் மண்ணெண்ணெய் நாறுகிறது என்று பெண்கள் கடையில் சண்டை போட்டார்கள். கம்பெனி அடுத்த அச்சிலிருந்து படத்தின் மேல் மெழுகுபோல ஒரு பூச்சுக் கொடுத்தது. ஓர் அட்டை முதல் அச்சா, பூச்சு அச்சா என்று தெரிய வேண்டுமென்றால் வெர்லனைக் கூப்பிடுவார்கள். அவர் முகர்ந்து பார்த்துச் சொல்லிவிட்டு, மண்ணெண்ணெய்க் கதையை முதலிலிருந்து சொல்லுவார். ரோண்டல் அவருக்குப் பின்னால் நின்று வாயசைப்பார்.

போன வருடம் வெர்லனின் கண்ணில் நடுப்பகுதி கலங்க ஆரம்பித்தது. சுற்றிலும் தெரியும், நடுவில் தெரியாது. இடது கண் முடிந்துவிட்டது. வலது கண்ணுக்கு சார்லட் நகர ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். டாக்டர் சின்னப் பெண். சுற்றி வளைக்காமல் சொன்னாள்: "கிறிஸ்துமஸ் வரைக்கும் கொஞ்சம் படிக்கலாம், மிஸ்டர் டீக். அதுக்கப்புறம் எனக்கு நம்பிக்கை இல்லை."

இப்போது அவர் கோழிபோலத் தலையைச் சாய்த்துத்தான் எதையும் பார்க்கிறார். என் காது தெரிகிறது, சட்டைக் கழுத்து தெரிகிறது என்கிறார். என் முகம் தெரிகிறதா என்று நான் கேட்டதில்லை.

*

அந்தக் கதவு இருந்த வீடு பழைய ஆலைக் குடியிருப்பில் இருந்தது. நெல்டா ஃபர் என்பவளின் அம்மா வசந்தத்தில் இறந்துபோயிருந்தாள். வீட்டை விற்றாகிவிட்டது. நெல்டா சாமான்களை அப்புறப்படுத்திக்கொண்டிருந்தாள். பழைய கோலா போத்தல்களை விலை கேட்கப்போன ரோண்டல் தண்ணீர் குடிக்க டம்ளர் தேடி அலமாரியைத் திறந்திருக்கிறார்.

அடுப்புக்கு மேலே இருந்த அலமாரி. வெள்ளை பெயின்ட் அடித்த கதவு. அதன் உட்புறம் முழுக்க அட்டைகள், நான்கு வரிசைகளாக, நேராக ஒட்டியிருந்தன. எல்லாம் சமையற்குறிப்புப் பக்கம் வெளியே தெரியும்படி.

"படமெல்லாம் உள்ளே பார்த்து ஒட்டியிருக்கு" என்றேன்.

"அம்மாவுக்குப் பந்தயம்னாலே ஆகாது" என்றாள் நெல்டா. "ஆம்பளைங்க வட்டமா சுத்தறதைப் பார்க்க டிக்கெட் வேறயான்னு கேட்பாங்க. ரொட்டிக்குள்ள எவனோ சிரிச்சா இவங்களுக்குக் கோபம் வரும். இனிமே சுவத்தைப் பார்த்துச் சிரிடான்னு திருப்பி ஒட்டிடுவாங்க."

ரோண்டல் வெர்லனின் தோளைப் பிடித்து மூன்றாம் வரிசைக்கு நேராக நிறுத்தினார். வெர்லன் பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தார். தலையைச் சாய்த்தார். ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து உரக்கப் படித்தார்.

"எண் முப்பத்தேழு. கோய் டீக். அம்மாவின் தக்காளி ரொட்டி."

கண்ணாடியை அடுத்த வரிக்கு நகர்த்தினார்.

"பழைய ரொட்டி ஆறு துண்டு. தக்காளி ஒரு புட்டி. வெண்ணெய். பழுப்புச் சர்க்கரை ஒரு கை." நிறுத்தினார். "ஒரு கையாம். அம்மா கிட்ட எவ்வளவுன்னு கேட்டா கையைத்தான் காட்டுவா. அதை அப்படியே சொல்லியிருக்கான் பாரு."

"மேல படி" என்றார் ரோண்டல்.

"ஓரம் கருகும்வரை அடுப்பில் விடவும்."

கண்ணாடியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"என்ன பசை போட்டாங்க, ஞாபகம் இருக்காம்மா?" என்று நெல்டாவிடம் கேட்டார்.

"மாவுப் பசைதான் ஐயா. அடுப்புல கிண்டுவாங்க. தடவற வேலை எனக்கு. பாதியைத் தின்னுருவேன்."

வெர்லன் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து வெகு நாளாகியிருந்தது. மாவுப் பசை என்றால் வெதுவெதுப்பான தண்ணீர் போதும். சேகரிக்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். பழைய ஆல்பங்களிலிருந்து அப்படித்தான் எடுப்பார்கள்.

"கதவுக்கு நான் என்ன தரணும்?"

"ஒண்ணும் வேண்டாம். வாங்கினவங்க இடிக்கத்தான் போறாங்க. உங்க தம்பி உள்ள இருக்கார், எடுத்துட்டுப் போங்க." சொல்லிவிட்டு அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "மன்னிச்சுக்கங்க ஐயா."

"சரியாத்தான்மா சொன்னே" என்றார் வெர்லன்.

திருகாணிகள் மேல் பெயின்ட் ஏறியிருந்தது. ரோண்டல் சுரண்டிச் சுரண்டிக் கழற்றினார். கதவைப் போர்வையில் சுற்றி ரோண்டலின் ட்ரக்கில் எங்கள் மூன்று பேர் முழங்கால்களின் மேலும் படும்படி வைத்தோம். ரோண்டல் மெதுவாக ஓட்டினார்.

"யோவ் வெர்லன், ஒண்ணு சொல்றேன். கோவிச்சுக்காத."

"நீ சொல்றதுக்கெல்லாம் கோவிச்சா நான் எப்பவோ செத்திருப்பேன்."

"ராலேல ஒரு பொம்பளை இருக்கா. மியூசியத்துல காகிதம் பிரிக்கறதே அவ வேலை. கதவோட அவகிட்ட குடுத்துடு."

"எப்போ பார்ப்பா?"

"வசந்தத்துல அவளுக்கு நேரம் இருக்கும்னு நினைக்கறேன்."

"வசந்தத்துல நீ படத்தை என் கைல குடுத்துட்டு, இதான் உன் தம்பின்னு சொல்லுவே. நான் தடவிப் பார்த்துட்டு ஆமாம்னு சொல்லணுமா?"

ரோண்டல் என்னைப் பார்த்தார். நான் சாலையைப் பார்த்தேன்.

"ஆர்டிஸ், நீயாவது சொல்லேன்."

"அவர் தம்பி" என்றேன்.

*

மறுநாள் காலை சிற்றுண்டி முடிந்ததும் கார் நிறுத்தும் கொட்டகையில் இரண்டு மரத் தாங்கிகளைப் போட்டு அவற்றின் மேல் கதவைப் படுக்க வைத்தோம். அக்டோபர் வெயில் பக்கவாட்டில் விழுந்தது. வெர்லனுக்கு அந்த வெளிச்சம் பிடிக்கும். நான் காய்ச்சி வடித்த தண்ணீரைச் சூடாக்கிக் கொண்டுவந்தேன். பழைய ஃப்ளானல் சட்டை ஒன்றைக் கிழித்துத் துண்டுகள் செய்திருந்தேன். ரோண்டல் மீன் நறுக்கும் கத்தி ஒன்றை முனை மழுக்கி எடுத்துவந்திருந்தார்.

"முதல்ல எது?" என்றார் ரோண்டல்.

"பன்னிரண்டு."

எந்தச் சேகரிப்பாளரும் இப்படித்தான் செய்வார். பக்கத்திலேயே அதே பசையில் அதே கையால் ஒட்டிய, ஒன்றுக்கும் உதவாத ஓர் அட்டையில் முதலில் சோதித்துப் பார்ப்பது. அது நன்றாக வந்தால் அடுத்ததைத் தொடுவது. பன்னிரண்டாம் எண் எங்கள் வீட்டில் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது.

ஈரத்துணியைப் பன்னிரண்டின் மேல் போட்டோம். காத்திருந்தோம். துணி ஆறியதும் மாற்றினோம். ரோண்டல் தன் மருமகனைப் பற்றி ஒரு கதை சொன்னார். அவன் புது ட்ரக்கைப் படகுத்துறையில் நிறுத்திவிட்டு பிரேக் போட மறந்த கதை.

"இப்போ அந்த ட்ரக் எங்க?" என்று வெர்லன் கேட்டார்.

"ஏரிலதான். மீனுங்க ஓட்டுது."

வெர்லன் சிரித்துக்கொண்டே கத்தியை அட்டைக்கு அடியில் விட்டார். பன்னிரண்டு மெதுவாக எழும்பியது. ஒரு மூலை, பிறகு ஒரு விளிம்பு, பிறகு முழுதும். திருப்பிப் பார்த்தோம். சிவப்புக் கார். கிருதா வைத்த ஆள். நேற்று அச்சானதுபோல் பளபளத்தது. ரோண்டல் தொடையில் தட்டிக் கத்தினார். எதிர்வீட்டு நாய் குரைத்தது.

வெர்லன் அதை வாங்கி முகர்ந்தார். பழக்கம்.

"மூக்கு என்ன சொல்லுது, டாக்டர்?"

"மாவு" என்றார் வெர்லன். "மாவு வாசனைதான். சுத்தமா வந்திருக்கு."

துண்டில் போட்டுவிட்டு முப்பத்தேழின் பக்கம் வந்தார்.

இதற்குப் புதுத் துணி எடுத்தோம். தண்ணீரை மறுபடி சூடாக்கினேன். பன்னிரண்டுக்குக் காத்திருந்ததைவிட அதிகம் காத்திருந்தோம். ரோண்டல் கதை சொல்லவில்லை. வெர்லன் துணியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். காய்ச்சல்காரன் நெற்றியில் வைப்பதுபோல.

பிறகு துணியை எடுத்தார். கத்தியை விட்டார்.

மூலை எழும்பியது.

"வருது" என்றார்.

வந்தது. பன்னிரண்டைவிடச் சுலபமாக வந்தது. அவர் கத்தியை என்னிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையாலும் அதைத் தூக்கினார். குறிப்புப் பக்கம் என்னைப் பார்த்திருந்தது. பழுப்புச் சர்க்கரை ஒரு கை. ஓர் எழுத்துக்கூட அழியவில்லை. அவர் அதைத் திருப்பி வெயிலில் பிடித்தார். தலையைச் சாய்த்தார்.

மறுபக்கம் வெள்ளை. பஞ்சு பஞ்சாகப் பிரிந்த வெறும் காகிதம்.

கதவைப் பார்த்தேன். அங்கேயும் அதே அளவில் ஒரு வெள்ளைச் சதுரம். அட்டை நடுவில் இரண்டாகப் பிரிந்திருந்தது. பாதி அவர் கையில். மீதிப் பாதி, படம் இருந்த பாதி, முகம் உள்ளே பார்த்தபடி பெயின்ட்டிலேயே நின்றுவிட்டது.

"பூச்சு" என்றார் ரோண்டல். அங்கிருந்த ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"என்ன?" என்றார் வெர்லன். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தார். "படம் எங்க? யாராவது சொல்லுங்க."

"வெள்ளையா இருக்கு, வெர்லன்" என்றேன்.

அவர் கட்டைவிரலால் அதைத் தடவினார். பஞ்சு தட்டுப்பட்டது. பிறகு கதவில் கை வைத்துத் தேடினார். அங்கும் தட்டுப்பட்டது.

அவருக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பூச்சுக் கதையைச் சந்தைக் கொட்டகை முழுதும் சொன்னவர் அவர்தான்.

"பன்னிரண்டுல பூச்சு இருந்தது" என்றார். "பசை படத்தைத் தொடவே இல்ல. பூச்சைத்தான் பிடிச்சிருந்தது. இவன் முதல் அச்சோட நின்னவன். இவனுக்குப் பூச்சே கிடையாது. எனக்குத் தெரியும். ஐயோ, எனக்குத் தெரியுமே."

"எல்லாருக்கும்தான் தெரியும்" என்றார் ரோண்டல். "நானும் இங்கதானே நின்னேன்."

"நீ மோந்து பார்க்கிறவன் இல்ல."

ரோண்டல் எழுந்து வந்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"கேளு. அப்படியே விடு. காயட்டும். மை பெயின்ட்டுல ஒட்டியிருக்கு, மேல காகிதம் மூடியிருக்கு. போகல. உள்ளதான் இருக்கு. ராலேக்காரி பார்ப்பா. நான் இன்னிக்கே ஓட்டிட்டுப் போறேன். அவ வீட்டு வாசல்ல போய் நிக்கறேன்."

"அவ வசந்தத்துல பார்ப்பா."

"வெர்லன்."

"மேல இருக்கற காகிதம் போனா படம் தெரியும். மை கதவுலதானே இருக்கு?"

"தெரியும். ஆனா..."

"ஈரமா இருக்கும்போதே போகணும்."

அவர் கட்டைவிரலைத் தண்ணீரில் நனைத்தார். சதுரத்தின் கீழ் மூலையில் வைத்து மெதுவாக வட்டமாகத் தேய்த்தார். காகிதம் பிசைந்த மாவுபோலச் சுருண்டு வந்தது. அவர் ஊதினார். கீழே மஞ்சள் நிறம்.

"கார்" என்றேன். "மஞ்சள் கார்."

"மஞ்சள்தான்" என்றார். "நானும் அவனும் அடிச்ச பெயின்ட். நான் கிளம்பறதுக்கு முந்தி."

மறுபடி நனைத்தார். மறுபடி தேய்த்தார். காரின் மூக்கு வந்தது. காரின் கதவில் எழுதிய எண் வந்தது, கண்ணாடியில் தெரிவதுபோல வலமும் இடமும் மாறி. முழங்கை வந்தது. காரின் கூரையில் சாய்ந்திருந்த ஒரு வெள்ளைச் சட்டை. ரோண்டல் என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் மூச்சு கேட்டது.

வெர்லன் சதுரத்தின் மேல்பக்கம் போனார். அவர் அதை நேராகப் பார்க்கவில்லை. நேராகப் பார்த்தால் அவருக்குத் தெரியாது. கதவுக்கு வெளியே, தரையில் எங்கோ பார்த்துக்கொண்டு ஓரக்கண்ணால் அதைப் பிடித்துவைத்திருந்தார். தொப்பி வந்தது. பின்னுக்குத் தள்ளிய தொப்பி. அதன் கீழே ஒரு கற்றை மயிர்.

"வருதா?"

"வருது" என்றேன்.

நான் அவனைப் பார்த்தேன். நெற்றி வந்தது. ஒரு புருவம். மேலே இன்னும் மெல்லிய காகிதப்படலம், பனிக்குள் நிற்பதுபோல. அவர் ஊதினார். இரண்டு கண்ணும் வந்தன. வாய் வந்தது. அவன் படம் எடுக்கிறவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை, பக்கத்தில் யாரோ ஏதோ சொன்னதற்குச் சிரித்துக்கொண்டிருந்தான். பத்தொன்பது வயது.

"போதும்" என்றேன். "போதும், வெர்லன், தெரியுது, நிறுத்து."

வெர்லன் அதைப் பார்க்கத் தலையைத் திருப்பினார். கை நிற்கவில்லை. தலை திரும்பியபோது விரல் இருந்த இடம் அவர் கண்ணின் தெரியாத நடுவுக்குள் போயிற்று. விரல் இன்னொரு வட்டம் போட்டது.

ரோண்டல் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

 எதிர்வீட்டு நாய் மறுபடி குரைத்தது, யாரோ அதை அதட்டினார்கள்.

"விடு" என்றார் வெர்லன். ரோண்டல் விட்டார்.

அவர் கதவின் மேல் குனிந்தார். முதலில் இடப்பக்கம் சாய்ந்து பார்த்தார். பிறகு வலப்பக்கம். பிறகு கதவைச் சுற்றி எதிர்ப்புறம் போய் அங்கிருந்து பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டார்.

"தொப்பி தெரியுது" என்றார். "சட்டை தெரியுது. கார் தெரியுது. நடுவுல காலியா இருக்கு." நிமிர்ந்தார். "எனக்குத்தான் தெரியலையா, ஆர்டிஸ், இல்ல அங்க ஒண்ணும் இல்லையா?"

தொப்பிக்கும் சட்டைக் கழுத்துக்கும் இடையில் வெள்ளை பெயின்ட் தெரிந்தது. சுத்தமான பெயின்ட். அவர் கட்டைவிரல் நுனியில் சின்னதாக ஒரு சாம்பல் நிறத் திரி ஒட்டியிருந்தது.

"அங்க இல்ல" என்றேன்.

அவர் தலையாட்டினார். கையைத் துடைக்கத் துணி தேடினார். ரோண்டல் அந்தக் கையைப் பிடித்து, திரியைத் தன் விரலால் எடுத்தார். எடுத்துவிட்டு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

*

டாக்டர் பெண் சொன்னது சரியாக இருந்தது. நவம்பரில் நன்றி செலுத்தும் நாள் விருந்தில் வான்கோழியின் எந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பெட்டியில் போட்டு மூடினார்.

ரோண்டல் வாராவாரம் வந்தார். பெட்டிகளை என்ன செய்வது என்று ஒரு நாள் வெர்லனே கேட்டார்.

"வச்சிரு" என்றார் ரோண்டல். "கொட்டகைக்கு வா. மோந்து பார்க்க ஆளில்ல. எல்லாத்தையும் முதல் அச்சுன்னு வித்துட்டிருக்கான் அந்தத் திருட்டுப் பயல்."

"நீயா?"

"நான்தான்."

வெர்லன் சிரிக்கவில்லை. "எடுத்துட்டுப் போ" என்றார். "எல்லாத்தையும். இன்னிக்கே."

ரோண்டல் என்னைப் பார்த்தார். நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். அவர் பெட்டிகளை ட்ரக்கில் ஏற்றினார். போகும்போது, தன் வீட்டில் தனியாக வைத்திருப்பதாகவும், விற்கமாட்டேன் என்றும் என்னிடம் சொன்னார். நான் நம்பினேன். அதைச் சொன்ன குரல் விற்கும் குரல் இல்லை.

அலமாரிக் கதவு கார் கொட்டகையில் சுவரோரம் திருப்பிச் சாத்தியிருக்கிறது. குறிப்புப் பாதி அடுக்களை இழுப்பறையில் இருக்கிறது. அதை வைத்து நான் ஒருமுறை சமைத்தேன். அவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கரண்டியை வைத்தார். பிறகு நான் சமைக்கவில்லை.

அவர் என்னைக் கேட்க ஆரம்பித்தது ஜனவரியில்.

"நீ அவனைப் பார்த்தே, இல்ல?"

"பார்த்தேன்."

"சொல்லு."

சொன்னேன். நெற்றி அகலம் என்றேன். ஒரு புருவம் மேலே ஏறியிருந்தது என்றேன். சிரித்தான், படம் எடுக்கிறவனைப் பார்த்து அல்ல என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "மறுபடி" என்றார். மறுபடி சொன்னேன்.

அதன் பிறகு காலையில் காப்பி குடிக்கும்போது கேட்பார். சில நாள் மாலையிலும் கேட்பார். நான் கவனமாகச் சொன்னேன். அவனை நான் பார்த்தது கொஞ்ச நேரம்தான். ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம். சொல்லச் சொல்ல அந்த முகத்தில் ஒவ்வொன்றாக வேறு ஏதோ வந்து உட்கார்ந்தது. தாடை யாருடையது என்று யோசித்தேன். எதிரே காப்பிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தவருடையது.

ஒரு காலை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர் கையை உயர்த்தினார்.

"எந்தப் புருவம்?"

"வலது."

"நேத்து இடதுன்னே."

"படம் மாறித் தெரிஞ்சதே, கண்ணாடில தெரியற மாதிரி. அதனால..."

"அப்போ எது?"

நான் யோசித்தேன். அடுப்பைப் பார்த்தேன். ஜன்னலைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு கதவை மனதுக்குள் கொண்டுவரப் பார்த்தேன். மஞ்சள் கார் வந்தது. தொப்பி வந்தது. சட்டைக் கழுத்து வந்தது.

"ஆர்டிஸ்?"

"தெரியல" என்றேன்.

அவர் கையை நீட்டி மேசையின் மேல் கோப்பையைத் தேடினார். நான் நகர்த்தி வைத்தேன். அவர் குடித்து முடித்தார். அதற்குப் பிறகு அவர் கேட்டதில்லை.